மாடியில் நான் எடுக்காத சாக்கு

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு மணி நேரம் பேசினாய். சமையலறைக்கு மறுபடி போடப்போகிற அலமாரியின் நிறம் வரைக்கும் பேசியாயிற்று. நீ நன்றாக இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும், அதனால் எழுதுகிறேன். போலீஸ் வேலையில் முப்பத்தாறு வருஷம் எத்தனையோ பேருடைய வாக்குமூலத்தை எழுதியிருக்கிறேன். என்னுடையதை எழுதுவது இதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல் என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன்! ஆகவே சொல்லிவிடுகிறேன். நம் புதுச் சமையலறைக்குள் தண்ணீர் இறங்கியதற்குக் கொத்தனார் சண்முகையா காரணம் இல்லை. நான்தான் காரணம். தெரிந்தேதான் செய்தேன்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால், இந்த நாலு மாதம் நம் வீடு இருந்த இருப்பை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ மஸ்கட்டில் இருந்துகொண்டு வீடியோவில் பார்த்தது வேறு. சித்திரையில் பின்கட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்த அன்றைக்கே வீட்டில் என் அதிகாரமும் பிரிந்துபோயிற்று. பழைய சமையலறை, குளியலறை இரண்டும் ஒரே நாளில் தரைமட்டம். கட்டில், பீரோ, தையல் மிஷின், அரிசி டிரம் எல்லாம் முன் அறைக்கு வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. டிவியை உன் அம்மா பழைய சேலையால் சுற்றிக் கட்டிவிட்டாள். நான் ரிட்டயர் ஆனபோது கொடுத்த கேடயம் ஒரு சிமெண்ட் சாக்குக்குள் போயிற்று, எந்தச் சாக்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேஸ் அடுப்பு வராண்டாவுக்கு வந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சோற்றில் மணல், காப்பியில் சுண்ணாம்புத் தூசி, காது முழுக்க மிஷின் சத்தம். குளிக்க எதிர்வீட்டுக்குத் துண்டோடு போய் நின்றேன். குற்றால சீசனில் ஆயிரக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்திக் குளிக்க விட்டவன், எதிர்வீட்டுக் குளியலறை வாசலில் அவர்கள் வீட்டு மருமகன் வெளியே வருவதற்காகக் காத்து நின்றேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது சாயங்காலம் ஐந்து மணி. சரியாக ஐந்து மணிக்குச் சண்முகையாவின் போன் அடிக்கும். அவன் கையைக் கழுவிக்கொண்டு போனை மணல் குவியலில் சாய்த்து வைப்பான். "அண்ணாச்சி, இன்னைக்கு எதுவரைக்கும் வந்துச்சு?" என்று உன் குரல் வரும். யார் யாருக்கு அண்ணாச்சி! எனக்கு நீ போன் போட்டால் ஐந்து நிமிஷம். சாப்பிட்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா, அம்மாகிட்ட குடுங்க. அவனோடு பேச ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். நடுவில் நீ சிரிப்பாய். நான் வராண்டாவில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்பேன். என்னிடம் பேசும்போது நீ அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை எதையும் போட்டு இதை மறைக்கப் போவதில்லை.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்துக்கு அந்த மனுசன் மேல எரிஞ்சு விழுதிய? ஒங்களுக்குப் பொறாமை, வேற ஒண்ணுமில்ல" என்றாள். "ஒரு கொத்தன் மேல எனக்கென்னட்டி பொறாமை?" என்று கத்தினேன். கத்தின சத்தத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இது எனக்குப் புதுசு இல்லை. உனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு வருஷம் சீசன் டூட்டி முழுக்க எனக்கு ஐந்தருவியில். காலையில் நீ எழும்புமுன் போவேன், நீ தூங்கினபின் வருவேன். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தெருவில் நீ சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறாய். அரைப் பெடலில் இல்லை, சீட்டில் உட்கார்ந்து. யாருலே சொல்லிக் குடுத்தா என்று கேட்டேன். எதிர்வீட்டு மாமா என்றாய், முகமெல்லாம் பல். அந்த மாதம் நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று டூட்டியில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவதாக, கையை விடுவதாக, எல்லாம் நினைத்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டது நான்தான். நீ பஞ்சர் என்று அழுதாய். நான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காற்றடித்துக் கொண்டுவந்து தந்தேன், நீ என்னைக் கட்டிக்கொண்டாய். நீ கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்படி ஒரு வேலை செய்தவன் உன் அப்பன். இதையும் இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

சரி, சாக்குக்கு வருகிறேன். ஆனி மாதம் புதுக் காங்கிரீட்டுக்கு மேலே தட்டோடு பதித்து முடித்தார்கள். கீழே அலமாரிகள் போட்டாயிற்று, சுவிட்ச் பெட்டி மாட்டியாயிற்று. மாடியில் பதித்த ஓடு இறுகுவதற்காகவும் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்காகவும் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். தண்ணீர் வெளியே போகிற இரண்டு குழாயிலும் சாக்குத்துணியைச் சுருட்டி அடைத்தான் சண்முகையா. விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பழைய முன்கட்டும் புதுப் பின்கட்டும் சேருகிற இடத்தில் மட்டும் பூச்சு பாக்கி. பேரனுக்கு முடி எடுக்கப் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போகிறேன், இரண்டு நாளில் வந்து பூசிக்கொள்கிறேன் என்றான். கிளம்புகிற அன்று உன் போன் பேசி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் வந்தான்.

"தம்பி மஸ்கட்டு வேலைய விட்டுட்டு ஊருக்கே வந்திரப் போறாவளாமே ஏட்டையா! தென்காசியிலயே ஏசி சர்வீஸ் கடை போடப் போறாவளாம். ஒங்களுக்கு இனி என்ன கவலை?"

அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். நான் பேப்பரை மடித்துக்கொண்டு, "ஆமா ஆமா, என்கிட்ட அப்பமே சொல்லிட்டான்" என்றேன். அவன் போனபின் அதே நாற்காலியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். வேலையை விடுவது எவ்வளவு பெரிய முடிவு! நீ திரும்பி வரவேண்டும் என்று ஒன்பது வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறவன் நான். அந்தச் செய்தியை என் வாசலில் நின்றுகொண்டு ஒரு கொத்தனார் என்னிடம் சொல்கிறான். நீ வருகிறாய் என்ற சந்தோஷம் எனக்கு வரவே இல்லை மகனே, அவனிடம் முதலில் சொன்னாய் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மறுநாள் மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் மலை கறுத்தது. காற்று ஒரு மாதிரி திரும்பியது. உனக்குத் தெரியும், நம் மேலகரத்தில் அந்தக் காற்று வந்தால் சாரல் இல்லை, மழைதான். போன் அடித்தது. சண்முகையா. பின்னால் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"ஏட்டையா, மழை வலுக்கும்போல இருக்கு. மேல ஏறி ரெண்டு குழாயிலயும் அடைச்ச சாக்க எடுத்து விட்ருங்க. தண்ணி ஏறிச்சுன்னா சேர்மானம் வழியா உள்ள எறங்கிரும். மறந்திராதிய."

சரி என்றேன். உன் அம்மா வராண்டாவில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. "போயி எடுத்து விடுங்க, சொன்னாருல்லா" என்றாள். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றேன். என் வீட்டு மாடியில் எப்போது ஏற வேண்டும் என்று அவன் எனக்கு உத்தரவு போடுகிறானா? அவன் சொன்னால் நான் ஏணியில் ஏற வேண்டுமா? ஏணி பத்துப் படி. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, தினமும் ஏறுகிறவன்தான். மழை பெய்ய ஆரம்பித்தது. கொஞ்சம் கழித்து ஏறலாம் என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அதையும் சொல்லிக்கொள்ளவில்லை. கொஞ்சம் ஒழுகட்டுமே, அவன் கட்டின லட்சணத்தை என் மகன் பார்க்கட்டுமே என்று தோன்றியது. அலமாரி ஊறிப்போகும் என்றோ சுவிட்ச் பெட்டிக்குள் தண்ணீர் போகும் என்றோ நினைக்கவில்லை. சுவரில் ஒரு ஈரத் திட்டு, அவ்வளவுதான் நினைத்தேன். விடிய விடியப் பெய்தது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டார்கள், அவ்வளவு தண்ணீர்.

காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது பார்த்ததைத்தான் நீ வீடியோவில் பார்த்தாய். பலகையெல்லாம் ஊறி அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. சுவிட்ச் பெட்டி கருகியிருந்தது. உன் அம்மா மெயினை அணைக்காமல் காலை உள்ளே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! சண்முகையா செய்தி கேட்டு பேரனோடு சேர்ந்து தானும் மொட்டையடித்த தலையோடு பஸ் பிடித்து ஓடி வந்தான். நீ வீடியோவில் இருந்தாய். "அடைச்ச சாக்க எடுக்காம கோயிலுக்குப் போயிட்டியளே அண்ணாச்சி! ஒரு போனாவது பண்ணி அப்பாகிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கத்தினாய். அவன் என்னைப் பார்த்தான். நீயும் கேட்டாய், "அப்பா, ஒங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" நான் சொன்னேன்: "என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

சண்முகையா தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டான். சட்டியையும் கரண்டியையும் கழுவி, இங்கேயே விட்டுப்போயிருந்த தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டான். உன் அம்மா அடுப்பங்கரையாகிப்போன அந்த வராண்டாவில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஐந்து மணிப் போன் எனக்கு வந்தது. மூன்று வாரம். புது ஆள் யாரைப் போடலாம், எந்தப் பலகை போடலாம், எல்லாம் என்னிடம் கேட்டாய். நான் நாலரைக்கே முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன் என்றால் நீ சிரிப்பாய். முதல் வாரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரத்தில் நான் ஒன்றுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். வேலையை விட்டுவிட்டு வரப்போகிறேன் அப்பா என்று இன்றைக்குச் சொல்வாய், நாளைக்குச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ பலகையைப் பற்றிப் பேசினாய், பெயிண்டைப் பற்றிப் பேசினாய், கதவு கீலைப் பற்றிப் பேசினாய். அதை மட்டும் பேசவில்லை. அவனுடைய ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டேன், ஆனால் அவனிடம் நீ பேசிய பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் நம் தெரு வாட்ஸப் குரூப்பில் நீ எழுதினாய், இந்தக் கொத்தனாரை நம்பி யாரும் வேலை கொடுக்காதீர்கள் என்று. படத்தோடு போட்டாய். போலீஸ்காரர் வீட்டிலேயே இப்படிச் செய்தானா என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அவனுக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அதை உன் அம்மா எனக்கு வாசித்துக் காட்டினாள். "நான் சொல்லிருவேன், எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா அது ஒங்க வாயில இருந்து வரணும். இல்லைன்னா மவன் கல்யாணத்துல ஒங்க பக்கத்துல என்னால நிக்க முடியாது" என்றாள். அதற்குப் பிறகு சாப்பாட்டை மட்டும் எடுத்து வைக்கிறாள். பேச்சு இல்லை.

முந்தாநாள் சண்முகையாவைத் தேடிப் போனேன். ஆய்க்குடியில் ஒரு சுற்றுச்சுவர் பூசுகிறான் என்று சொன்னார்கள். சொந்தப் பொறுப்பில் வீடு கட்டுகிறவன், இன்னொரு கொத்தனாருக்குக் கீழே நாள் வேலைக்கு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சாந்துச் சட்டியைக் கீழே வைத்தான். "வாங்க ஏட்டையா, வெயில்ல நிக்காதிய" என்றான். ஏன் அன்றைக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா தம்பி நம்புவாவளா? நம்பிட்டாவன்னா ஒங்களுக்கு அசிங்கம். நம்பலன்னா எனக்கு அசிங்கம். வேண்டாம்னு வந்துட்டேன்."

"என் பேர்ல கோவம் இல்லையா?"

"இருக்கு ஏட்டையா" என்றான், கரண்டியைப் பார்த்துக்கொண்டே. "இல்லாம எப்படி இருக்கும்? ரெண்டு வேலை போயிட்டு."

அப்புறம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ஏ சம்முவையா, என் மவன்கிட்ட ஒரு மணி நேரம் அப்படி என்னதான் பேசுவே நீ?" அவன் யோசித்தான். "நான் எங்க பேசினேன்? தம்பிதான் பேசுவாவ. நான் கரண்டியக் கழுவிட்டு, சட்டியக் கழுவிட்டு, ம்ம்னு கேட்டுட்டு இருப்பேன். இடையில ஒண்ணும் கேக்க மாட்டேன்." அவ்வளவுதான் மகனே. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உன்னிடம் பேசுகிற விதத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்க இருக்கே, யார் கூட இருக்கே, ஏன் லேட்டு, சம்பளம் போட்டாச்சா. விசாரணைக்கு வந்தவனிடம் கேட்பதுபோல ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டுவிட்டு, நீ வாயைத் திறக்குமுன் அடுத்த கேள்வி. வேலையை விடுகிறேன் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன் என்று நமக்கு இரண்டு பேருக்குமே தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு இருக்கிற யோக்கியதைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வருகிற பெண் அவள் அக்காவிடமோ சிநேகிதியிடமோ ஒரு மணி நேரம் சிரித்துப் பேசுவாள். உன்னிடம் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். உனக்கு எரியும், என் மகன்தானே நீ, கட்டாயம் எரியும். எரிகிறது என்று அவளிடமே வாயைத் திறந்து சொல்லிவிடு. பேசாமல் வைத்துக்கொண்டு வேறு எங்கேயாவது காட்டாதே. நான் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? என்னைக் கேலி செய்திருப்பாய், அவ்வளவுதானே! அலமாரியும் பிழைத்திருக்கும், அந்த மனுஷன் பிழைப்பும் போயிருக்காது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. அவன் பேர் எங்கே கெட்டதோ அங்கேதான் சரியாக வேண்டும். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, உன் அம்மா முதலில் தெருக் குரூப்பில்தான் போடப்போகிறாள், பிறகுதான் உனக்கு. நாளைக்கு டீக்கடையில் என்னைப் பார்த்து யார் என்ன சிரித்தாலும் சிரிக்கட்டும். நீ செய்ய வேண்டியது இரண்டு. மீதி வேலையை முடிக்க வேறு ஆளைப் பார்க்காதே, அவனையே கூப்பிடு. வரமாட்டேன் என்றால் வரும்வரை கூப்பிடு, நானும் ஆய்க்குடிக்கு மறுபடி போய் நிற்கிறேன். இன்னொன்று, இன்றைக்கு ஐந்து மணிக்கு எனக்குப் போன் போடாதே, அவனுக்குப் போடு. அண்ணாச்சி என்றே கூப்பிடு. முன்பு பேசியது மாதிரி எல்லாவற்றையும் பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு.

நான் வராண்டாவில்தான் இருப்பேன். எனக்கு எரியத்தான் செய்யும். இதை எழுதும்போதே எரிகிறது. ஆனால் நீ ஊருக்கு வருகிறாயாமே மகனே. என்றைக்காவது உனக்கே தோன்றி அதை என்னிடம் சொன்னால், நான் ம் என்பேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் அப்பா